சந்தனம் மூடிய பல்

"நீங்களே பார்த்து எடுங்கோ அத்தான். உங்களுக்குத்தானே பிளேட் தெரியும்."

நாங்கள் குடியேறி வாழும் நகரத்தின் ஒனிஹங்காப் பகுதியில், தச்சுச் சாமான் விற்கும் ஒரு கடையில், மரம் அறுக்கும் வாளின் வட்டப் பிளேட்டுகள் தொங்கும் சுவருக்கு முன்னால் நின்று என் மைத்துனன் இப்படிச் சொன்னான். என் மனைவியின் தம்பி அவன். நாற்பத்தெட்டு வயது. இடது பக்கம் இருப்பது கண் போலச் செய்து வைத்த கண். அந்தப் பக்கத்தில் ஆள் வருவது அவனுக்குத் தெரியாது. அதனால் வெளியே போனால் நான் எப்போதும் அவனுடைய இடது பக்கமாகத்தான் நடப்பேன். அதைப் பார்த்து எனக்கு அவனில் எவ்வளவு அன்பு என்று என் மனைவி பல பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

அவன் கொண்டு வந்த பழைய மரத்துக்குள் இருந்த ஆணியால்தான் அந்தக் கண் போனது என்று எங்கள் இரண்டு வீட்டிலும் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவனும் நம்பியிருந்தான். நம்ப வைத்தவன் நான். உண்மை எனக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரியும். இரண்டு வருடமாக அதை ஆண்டவனிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனிடம் சொல்லவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். ஈஸ்ட் டாமாக்கியில் சமையலறை அலுமாரிகள் செய்யும் ஒரு வேலைத்தளத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். அங்கே வாள்களுக்குப் பிளேட் மாற்றுவது என் பொறுப்பு. பிளேட் மழுங்கினால் சத்தத்தில் தெரியும், மரம் கருகும் மணத்தில் தெரியும், பலகையைத் தள்ளும் கையிலும் தெரியும். எங்கள் மேற்பார்வையாளர் தொங்கா நாட்டவர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவர் ஒரு பிளேட்டை என் முகத்துக்கு நேரே பிடித்து, ஒரு பல் போனால் இது பிளேட் இல்லை, குப்பை என்றார். பதினாறு வருடத்தில் வேலையில் ஒருநாள்கூட அந்தச் சொல்லை நான் மீறியதில்லை. மீறியது வீட்டில்தான்.

முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் அது. மைத்துனன் ஒனிஹங்காவில் ஒரு பழைய பலகை வீடு வாங்கியிருந்தான். சாமிக்கு இடமில்லை. பிள்ளையாரும் முருகனும் லட்சுமியும் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, பாண் ரொட்டி வைக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார்கள். நல்ல மரத்தில் ஒரு சாமித்தட்டு அடிப்போம் என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்தோம். அவன் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். மவுண்ட் ஆல்பர்ட் பக்கம் ஓடும்போது ஒரு பழைய வீட்டை இடித்துத் திருத்துவதைக் கண்டு, வேலை முடிந்ததும் திரும்பிப் போய்க் கேட்டு, நாலு ரிமு பலகை வாங்கி வந்தான். ரிமு இந்த ஊர் மரம். நூறு வருடம் கிடந்தாலும் சீவினால் உள்ளே தேன் நிறம் இருக்கும். எங்கள் கராஜில் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, "இதில இருந்தா சாமியள் பிறகு எங்கட வீட்டை விட்டுப் போகவே மாட்டினம்" என்றான்.

என்னிடம் ஒரு மலிவான டேபிள் சோ, அதாவது மேசை வாள், இருந்தது. மேசையின் நடுவில் பிளேட் எழுந்து நிற்கும், பலகையை அதை நோக்கித் தள்ள வேண்டும். அதோடு சும்மா வந்த நாற்பது பல் பிளேட்டைத்தான் பூட்டியிருந்தேன். வேலையில் தொடவும் மாட்டாத பிளேட். வீட்டுக்கு இது போதும் என்று நினைத்தேன்.

நவராத்திரி வந்தது. கடைசி நாள் ஆயுத பூசை. எங்கள் வீட்டில் சரஸ்வதிக்கு முன்னால் மகளின் புத்தகங்கள், கணினி, மனைவியின் தையல் கத்தரிக்கோல், என் உளிகள் எல்லாம் வைப்போம். அன்று பின்னேரம் பிளேட்டைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்தேன். துடைக்கும்போது துணி ஓரிடத்தில் மாட்டியது. திருப்பிப் பார்த்தேன். ஒரு பல்லின் நுனி இல்லை. அந்த நுனிதான் கார்பைட், வெட்டுவது அதுதான். உருக்குத் தகட்டில் ஒட்டி வைத்திருப்பார்கள். அது கழன்று போயிருந்தது. பக்கத்துப் பல்லின் ஒட்டும் சரியில்லை, சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தன.

அந்த இடத்திலேயே அதைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். ஏன் எறியவில்லை என்று பலதரம் என்னையே கேட்டிருக்கிறேன். கடை திறந்திருந்தது. போய் ஒன்று வாங்க அரை மணித்தியாலம் போதும். ஆனால் மனைவி விளக்கு ஏற்றிவிட்டாள். மற்றச் சாமான்கள் எல்லாம் வைத்தாகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் வைக்கிற வாள் பிளேட் இல்லாமல் பூசை குறையாகப் போய்விடும் என்று பட்டது. பூசை முடிந்து மாற்றலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதைக் கொண்டுபோய் வைத்தேன்.

மகள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, வை இஸ் தட் திங் ஆன் மை லாப்டொப்?" என்றாள். சாமி பார்க்கட்டும் என்றேன். தோளைக் குலுக்கிக்கொண்டு போனாள்.

பிறகு சந்தனம் வைத்தேன். பிளேட்டில் நாலு பக்கமும் நாலு பொட்டு வைப்பது வழக்கம். நாலாவது பொட்டை அந்தப் பல் இல்லாத இடத்தில், பக்கத்துப் பல்லையும் சேர்த்துத் தடிப்பாக அப்பினேன். மேலே குங்குமம். தற்செயலாக வைத்தேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஊனமான பொருளைச் சாமிக்கு முன் வைக்கக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அழுகின பழம் வைக்கக்கூடாது, கீறின தேங்காய் வைக்கக்கூடாது. ஆகவே அம்பாள் காணக்கூடாது என்று மூடினேன். எல்லாவற்றையும் காண்கிறவள் என்று தினமும் சொல்லிக் கும்பிடுகிற எனக்கு, அவளுடைய கண்ணுக்கு ஒரு சொட்டுச் சந்தனம் போதும் என்று அந்த நேரம் தோன்றியது.

அடுத்த நாள் விஜயதசமி, சனிக்கிழமை. தொழிலைத் தொடங்க நல்ல நாள். காலையில் பிளேட்டைப் பொட்டோடு அப்படியே வாளில் பூட்டினேன். வேறு பிளேட் பூட்டினால் பூசையில் வைத்ததை விட்டுவிட்டு வைக்காததில் தொடங்குவதாகிவிடுமே என்று நினைத்தேன். ஒரு வெட்டு மட்டும் வெட்டிச் சாத்திரத்தை முடித்துவிட்டு மாற்றலாம் என்பது என் கணக்கு.

மைத்துனன் வந்தான். சாமித்தட்டு அவனுடையது, அதனால் முதல் வெட்டும் அவனுடையது. வாளைக் கண்டதும் சிரித்தான்.

"என்ன அத்தான், பிளேட்டுக்குப் பொட்டெல்லாம் வைச்சுக் கலியாணப் பொம்பிளை மாதிரி நிப்பாட்டியிருக்கிறியள்?"

"பகிடி விடாதை. கெதியா வா. ஒன்பது மணிக்கு ராகு காலம்."

"அது கலண்டர்க்காரன்ர ஒன்பது மணி. டேலைட் சேவிங் எண்டு மணிக்கூட்டை ஒரு மணி முன்னுக்குத் தள்ளியாச்செல்லே? ராகு மணிக்கூட்டை மாத்த மாட்டார். அப்ப பத்து மணிக்குத்தான். இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு."

"உனக்கு எல்லாம் விளையாட்டு."

அவன் குனிந்து பிளேட்டைப் பார்த்தான். "சந்தனம் தடிப்பாக் கிடக்கு. மரத்தில ஒட்டும் போல. துடைக்கட்டோ?"

"துடையாதை," என்றேன். "பூசையில வைச்சது."

அவன் கையை எடுத்துக்கொண்டான். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தான், நான்தான் கொடுத்தது. கற்பூரத் தட்டைக் கொண்டுவந்து காட்டினேன். திருநீறு பூசக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கினான். பூசினேன். அவன் கண்ணாடியை இறக்கவில்லை, நான் இறக்கச் சொல்லவுமில்லை. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, "சரி சரி, தள்ளு" என்றேன்.

பலகை ஒரு சாண் கூடப் போகவில்லை. "டக்" என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. அவன் தலையைப் பின்னுக்கு எடுத்து, யாரோ கன்னத்தில் அடித்த மாதிரி, "என்னத்தான்?" என்று என்னைக் கேட்டான். பிறகுதான் கையை முகத்துக்குக் கொண்டுபோனான். நான் ஒரு கையில் எரிகிற கற்பூரத்தோடு மற்றக் கையால் வாளை நிறுத்தினேன்.

ஆஸ்பத்திரியைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று சொன்னபோது அவனுடைய மனைவி வைத்தியரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் நெற்றி நிறையத் திருநீற்றோடு சுவரில் சாய்ந்து நின்றேன்.

அன்று பின்னேரம் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தவன் நேரே கராஜுக்குப் போனேன். இரண்டு பல் இல்லை. பழையது ஒன்று, அதற்கு அடுத்தது ஒன்று. முதல் பல் இல்லாததால் அதன் வேலையையும் சேர்த்து அடுத்த பல் செய்ய வேண்டும். ஒட்டுக் கெட்ட பல் எத்தனை தரம் தாங்கும்? அதுதான் கழன்று பறந்து அவனுடைய கண்ணில் அடித்திருந்தது. வெட்டின பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆணி இல்லை, ஒரு கணுவும்கூட இல்லை. இருந்திருக்கக் கூடாதா என்று பலகையை விரலால் சுரண்டிப் பார்த்தேன். அப்போது மனைவி வாசலில் வந்து நின்று, "என்ன நடந்ததப்பா? மரத்துக்குள்ள ஏதும் கிடந்ததோ?" என்று கேட்டாள்.

கேள்வியிலேயே பதில் இருந்தது. "ஓம், ஆணி" என்றேன்.

அவள் உள்ளே போனபிறகு மற்றப் பலகை ஒன்றிலிருந்து துருப்பிடித்த ஆணி ஒன்றைக் குறடால் இழுத்தெடுத்தேன். பிளேட்டைப் பேப்பரில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். வாளையும் அடுத்த வாரம் யாருக்கோ கொடுத்துவிட்டேன். விபத்துப் படிவத்தில் எப்படி நடந்தது என்று கேட்டிருந்தார்கள். பழைய மரம், ஆணி என்று மகளைக் கொண்டு எழுதுவித்தேன்.

அந்த ஆணியை மைத்துனன் கேட்டு வாங்கினான். ஒரு சின்ன ஜாம் போத்தலில் போட்டு, சமையலறை ஜன்னலில் வைத்தான். வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவான். "பாருங்கோ, இவர்தான் என்ர கண்ணை எடுத்தவர். நூறு வருசம் மரத்துக்குள்ள எனக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்." வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தேத்தண்ணியைக் குடிப்பார்கள். அவனுடைய மனைவி சிரிக்க மாட்டாள். "ஊரான் எறிஞ்ச குப்பை மரத்தைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி ஆர் கேட்டது?" என்பாள். முதல் மாதம் சொன்னாள், இரண்டாம் வருடமும் சொன்னாள். சொந்தக் கார் ஓட்டலாம் என்றார்கள், ஆனால் பஸ் ஓட்ட வைத்தியர் கையெழுத்து வைக்கவில்லை. அதே இடத்தில் பஸ்ஸுகளை உள்ளே கூட்டித் துடைக்கும் வேலை கொடுத்தார்கள். சாரதி இருக்கையைத் துடைக்கும்போது எப்பன் நேரம் அதில் இருந்து பார்ப்பேன் என்று என்னிடம் ஒருநாள் சொன்னான். கோப்பைக்குள் தேத்தண்ணி ஊற்றினால் தூரம் பிடிபடாமல் வெளியே சிந்தும். அப்போதும் அவன் மனைவி சொல்வாள், குப்பை மரம் என்று. அவன் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. தன் பிழை என்று நினைத்துத்தான் பேசாமல் இருந்தான். அதை நான் பக்கத்தில் இருந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

நான் தினமும் கும்பிடுகிறேன். வெள்ளிக்கிழமை விரதம். கந்தசஷ்டி ஆறு நாளும் பிடிப்பேன். மன்னித்துக்கொள் அப்பனே என்று அழுதும் இருக்கிறேன். ஆனால் கண்ணைத் திறந்தால் அவனுக்கு எதிரே போய் உட்கார வேண்டும். கும்பிட்டுக் கிடைத்த அமைதி அவனுடைய வாசல்படி வரைக்கும்தான் கூட வந்தது.

இந்த வருடம் ஆவணியில் அவனே கேட்டான். "அத்தான், சாமியள் இன்னும் பிரிட்ஜுக்கு மேலதான் இருக்கினம். பால் எடுக்கக் கதவைத் திறந்தா ஆடீனம். நீங்கள் ஒரு நல்ல சோ வாங்குங்கோ. மிச்சப் பலகையை வெட்டி முடிப்பம்." மறுக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? வாங்கினேன். இம்முறை நல்ல டேபிள் சோ. பிளேட்டுக்கு மேலே மூடி உண்டு. பிளேட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு நிற்கும், வெட்டின மரம் திரும்ப வாய் மூடிப் பிளேட்டைக் கவ்வாமல் அது பார்த்துக்கொள்ளும். இதோடும் ஒரு பிளேட் சும்மா வந்தது. அதைப் பெட்டியோடு குப்பையில் போட்டுவிட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு பிளேட் வாங்கப் போனேன். அப்படித்தான் அந்தச் சுவருக்கு முன்னால் வந்து நின்றோம்.

கடைக்காரப் பையன்கள் கேட்டால் பல் கூடினது நல்லது என்பார்கள். அது சரியில்லை. மரத்தின் நார் போகும் திசையிலேயே நீளமாகப் பிளக்கப் பல் குறைந்த பிளேட் வேண்டும், இருபத்துநாலு போதும். பல்லுக்குப் பல் பெரிய இடைவெளி இருந்தால்தான் தூள் வெளியே வரும், மரம் கருகாது. நாருக்குக் குறுக்கே வெட்ட அறுபது வேண்டும், அப்போதுதான் ஓரம் பிசிறாது. ஒன்றே எல்லாவற்றுக்கும் என்று வாங்கினால் எதையும் ஒழுங்காக வெட்டாது. பிளேட்டின் வெட்டு, பின்னால் நிற்கும் அந்தத் தகட்டைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை இடையில் இறுகி நிற்கும். நடு ஓட்டை வாளின் தண்டுக்கு அளவாக இருக்க வேண்டும். வளையம் போட்டுச் சரிக்கட்டுவது எனக்குப் பிடிக்காது.

இவை எல்லாம் பெட்டியில் எழுதியிருக்கும். எழுதாத ஒன்றைத்தான் நான் பார்த்தேன். கடையில் நின்ற பெண்ணிடம் கேட்டு, இருபத்துநாலு பல் ஒன்று, அறுபது பல் ஒன்று என இரண்டு பிளேட்டையும் உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். கார்பைட் நுனி தடிப்பா, நாலைந்து தரம் தீட்டத் தாங்குமா என்று பார்த்தேன். ஒட்டின இடம் குழியில்லாமல் வழுவழுப்பாக ஓடுகிறதா என்று ஒவ்வொரு பல்லாகப் பார்த்தேன். நடு ஓட்டையில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு நகத்தால் தட்டினேன். இரண்டும் நீளமாகப் பாடின, விரிசல் இல்லை.

மைத்துனன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில், "என் அத்தான் பிளேட்டோடு கதைப்பார், பயப்பட வேண்டாம்" என்று சொல்லிச் சிரித்தான். பிறகு என்னிடம், "நீங்கள் இவ்வளவு கவனமான ஆள். நான்தான் மரத்தைப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வந்து உங்களுக்கும் கரைச்சல் தந்தனான்" என்றான். "இந்த முறை மிச்சப் பலகை மூன்றையும் வீட்டை கொண்டுபோய்க் காந்தம் வைச்சுத் தடவிப் போட்டன் அத்தான். மூன்று நாள் தடவினன். ஒரு ஆணியும் இல்லை. என்ர பக்கத்தில பிழை வராது."

மூன்று நாள். ஒற்றைக் கண்ணோடு குந்தியிருந்து ஒரு காந்தத்தைப் பலகையில் தடவிக்கொண்டிருந்திருக்கிறான்.

பிளேட்டுகளை வாங்கிக்கொண்டு காருக்கு வந்தோம். மழை தூறியது. சாவியைப் போட்டேன், திருப்பவில்லை. பிளேட் பை அவனுடைய மடியில் இருந்தது.

"அந்தப் பலகையில ஆணி இருக்கேல்லை" என்றேன்.

"எந்தப் பலகையில?"

"அண்டைக்கு நீ வெட்டினதில. ஆணி இல்லை. பிளேட்டில ஒரு பல் முதலே இல்லை. எனக்கு முதல் நாளே தெரியும். சாமிக்கு முன்னால வைக்கிற பொருள் ஊனமா இருக்கக்கூடாதெண்டு சந்தனத்தை அப்பி மூடினது நான்தான்."

அவன் தலையை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்தான். நான் அவனுடைய வலப்பக்கம்தான் இருந்தேன். அவ்வளவு திருப்பத் தேவையில்லை.

"அப்ப போத்தலுக்குள்ள கிடக்கிறது?"

"மற்றப் பலகையில இருந்து கழட்டினது."

மழை கண்ணாடியில் ஓடியது.

"நான் துடைக்கட்டோ எண்டு கேட்டனான் என்ன?"

"ஓம்."

"நீங்கள் துடையாதை எண்டனீங்கள்."

"ஓம்."

"விரலை வைச்சிட்டன். எனக்கு நல்ல ஞாபகம். விரலை வைச்சிட்டு எடுத்தனான்." தன் வலக்கை விரலைப் பார்த்தான். "ஒரு தட்டுத் தட்டியிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"கண் போனது போகட்டும். அது தவறுதலாப் போச்சு எண்டு வைப்பம். ரெண்டு வருசமா அவள் என்னைக் குப்பை மரம், குப்பை மரம் எண்டு பேசேக்க நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள். பிள்ளையளுக்கு முன்னால. நான் உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தனான்."

"என்னை மன்னிச்சுக்கொள்ளடா."

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப போய்ச் சொல்லுங்கோ. இண்டைக்கே. அக்காவுக்கும் என்ர மனிசிக்கும். நான் சொல்ல மாட்டன். அது உங்கட வேலை."

பிளேட் பையை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினான். வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்றேன். கேட்காதவன் போலத் தெருவைக் கடந்தான். கடக்குமுன் இடது பக்கம் பார்க்கத் தலையை நன்றாகத் திருப்பினான். பஸ் தரிப்பில் போய் நின்றான். பஸ் வந்தது. ஏறும்போது சாரதி அவனை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார். அவனும் தூக்கினான்.

மனைவியிடம் அன்று பின்னேரமே சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடி கேட்டாள். "பூசையில வைச்சதைத் தொடாதை எண்டு என்னையும் எத்தினை தரம் பேசியிருக்கிறியள்" என்று மட்டும் சொன்னாள். பிறகு சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எங்கள் வீட்டில் அந்தக் கதவைச் சாத்துவதில்லை.

அங்கிருந்து ஒனிஹங்காவுக்குப் போனேன். மைத்துனனின் மனைவி கதவடியிலேயே வைத்துக் கேட்டாள். உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் உள்ளே போனாள். சத்தம் போடப் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்து ஜாம் போத்தலை என் கையில் வைத்தாள். "இது உங்கட சாமான்" என்றாள். கதவு மூடியது. உள்ளே அவள் அழுவது கேட்டது. "ஏனப்பா நீங்கள் ஒரு சொல்லுத் திருப்பிச் சொல்லேல்லை, எத்தினை பேச்சுப் பேசினன்" என்று அவனைக் கேட்டு அழுதாள். அவன் என்ன சொன்னான் என்று என் காதில் விழவில்லை. படியில் நின்று மற்றவர்களின் அழுகையைக் கேட்பது தகாது என்று இறங்கி வந்தேன்.

விபத்துப் படிவத்தில் பொய் எழுதுவித்ததையும் மகளிடம் சொன்னேன். அவள் இன்னொரு கடிதம் எழுதினாள். நான் கையெழுத்து வைத்தேன். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒன்றும் கதைக்கவில்லை, தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை.

நவராத்திரி வந்தது. இம்முறை வாளையும் பிளேட்டையும் சாமிக்கு முன் வைக்கவில்லை. வைக்க எனக்கு முகமில்லை. மனைவி மட்டும் கராஜுக்கு வந்து, டேபிள் சோவின் காலில், பிளேட்டிலிருந்து எட்டத்தில், ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனாள். விஜயதசமி மாலையில் கோயிலில் வாழைமரத்தை வெட்டும் வாழை வெட்டுச் சடங்குக்கு மைத்துனன் குடும்பம் வரவில்லை.

அதற்குப் பிறகு மூன்றாவது சனிக்கிழமை அவன் வந்தான். காருக்குள் மூன்று பலகை. பாதுகாப்புக் கண்ணாடியைத் தானே வாங்கி, போட்டுக்கொண்டே வந்திருந்தான். வாசலில் அக்காவோடு இரண்டு சொல் கதைத்தான். கராஜுக்குள் வந்து என்னைப் பார்க்காமல், "பிளேட்டைக் கழட்டுங்கோ" என்றான்.

மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டுக் கழற்றிக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போனான். வெளிச்சம் போதவில்லை. நல்ல கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, கட்டைவிரலால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு, வாய்விட்டு எண்ணத் தொடங்கினான். தூரம் பிடிபடாததால் விரல் சில இடத்தில் நுனியில் பட்டுக் கீறியது. "நான் பார்த்து வைச்சனான், எல்லாம் சரி" என்று சொல்ல வந்தேன். அப்படிச் சொல்ல இனி எனக்கு உரிமையில்லை என்று நினைத்து நிறுத்திக்கொண்டேன். இருபத்துநாலு வரை எண்ணினான். அறுபது பல் பிளேட்டையும் கேட்டான், அதையும் எண்ணினான். நாற்பத்தொன்றில் ஐயம் வந்து திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினான்.

பிறகு தானே பூட்டினான். மூடியை இறக்கினான். "அங்காலை நில்லுங்கோ" என்றான். நின்றேன். தள்ளினான். பிளேட் ரிமுவுக்குள் ஒரே சீராகப் போனது. கருகும் மணமில்லை. தேன் நிறமாக மரம் இரண்டாகப் பிரிந்தது. அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று பலகையையும் வெட்டினான். வந்ததிலிருந்து அவன் என்னை அத்தான் என்று கூப்பிடவில்லை. ஒவ்வொரு தரம் வாய் திறக்கும்போதும் நான் எதிர்பார்த்தேன். வரவில்லை.

வெட்டி முடிந்ததும் வாளை நிறுத்தி, பிளேட்டைத் திரும்பவும் கழற்றினான். போவதற்கு முன் இன்னொரு தரம் எண்ண வேண்டும் என்றான். மழை இருட்டிக்கொண்டு வந்தது. நான் டோர்ச் லைட்டை எடுத்து வந்து பிளேட்டுக்கு மேலே பிடித்தேன். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடங்கினான். அவன் எண்ணி முடிக்கும்வரை வெளிச்சம் ஆடாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.